கொலுவில் ஓடிய விஞ்ச்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொலுப் படிகளுக்குப் பக்கத்தில் சினிமாக் காட்சிகளைப் பொம்மையாகச் செய்து வைப்பது பண்பாட்டுச் சீரழிவு என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் இந்தப் பகுதியில் வருத்தப்பட்டிருந்தார். அந்தச் சீரழிவில் எனக்கும் பங்கு உண்டு. கொலுப் படிக்குக் கீழே எங்கள் வீட்டில் அமைக்கும் பார்க்கில் இந்த ஆண்டு ‘முள்ளும் மலரும்’ படத்து விஞ்ச் ஓடியது, மலைச் சரிவில் ரோப் கட்டி இழுக்கும் வண்டி.

என் அம்மா காலத்துப் பார்க்கில் கண்ணாடித் துண்டில் குளம் இருக்கும். கரையில் செட்டியார் கடை, பாம்பாட்டி, பேண்டு வாத்திய செட். ஒரு வருடம் தீப்பெட்டிகளை அடுக்கி பஸ் ஸ்டாண்டே கட்டினார். பேண்டு வாத்தியக்காரர்கள் எந்தப் புராணத்தில் வருகிறார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. படியில் தெய்வம், கீழே பார்க்கில் நாம் பார்த்த உலகம். அவ்வளவுதான் வழக்கம். நான் பார்த்த உலகத்தில் விஞ்ச் இருந்தது.

மகேந்திரனின் அந்தப் படம் 1978-இல் வந்தபோது எனக்கு வயது 16. ரஜினிக்கு அதில் விஞ்ச் ஆபரேட்டர் காளி வேடம். பிறகு நானே மின்வாரியத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். நீலகிரிச் சரிவில் ஒரு மின்நிலையத்தில் போட்டார்கள். போக வர விஞ்ச்தான். செங்குத்துச் சரிவில் தண்டவாளம், மேலே விஞ்ச் ரூமில் பெரிய டிரம், அதில் சுற்றிய இரும்பு ரோப், ரோப்பின் நுனியில் டிராலி. பழனியில் விஞ்சில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தியேட்டரில் பார்த்தபோது வியப்பாக இருந்தது, வேலைக்குப் போன பிறகு அது காலை ஷிப்ட் ஆகிவிட்டது.

ஆடி மாதமே வேலையை ஆரம்பித்தேன். அடிக்கு அரை அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டால் ஆள் 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருவார். 4 அடிப் பலகை, அதன்மேல் தெர்மாகோலைப் படிப்படியாக வெட்டி ஒட்டிய மலை. மேல்பூச்சு காகிதக்கூழ். பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு நாள் ஊறப்போட்டு, ஊறவைத்த வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைத்தேன். அந்தக் காலத்தில் வீடுகளில் காகிதக் கூடை செய்த அதே பக்குவம்தான். வெந்தயம் பசையாகவும் இருக்கும், பூச்சியும் அண்டாது. கடைக்குப் போட வைத்திருந்த உங்கள் நாளிதழ் முழுதும் இப்படித்தான் மலையாகிவிட்டது. ஆட்டுக்கல் விவகாரத்தில் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

தண்டவாளம் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. அடிக்கட்டைக்கு ஐஸ் குச்சி. ரோப்புக்கு சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து ஒரே ஒரு இழை. முதலில் இழுத்துப் பார்த்தபோது இழை மலையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. முப்பது வருடம் விஞ்சில் போய்வந்தவனுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது, தண்டவாளத்துக்கு நடுவே ரோலர் வைக்கவில்லை! ரோப் தரையில் உரசாமல் இருக்கத்தானே அங்கே வரிசையாக ரோலர் போட்டிருப்பார்கள். பால்பாயிண்ட் பேனா ரீஃபிலைத் துண்டு துண்டாக நறுக்கி, குண்டூசியில் கோத்து வைத்தேன். டிராலி வழுக்கிக்கொண்டு ஏறியது. டிரம்முக்குப் பழைய நூல்கண்டுக் கட்டை, அதில் ஒரு கைப்பிடி. மோட்டார் வைக்கவில்லை, சுற்றுவதற்குப் பேத்தி இருக்கிறாள்.

பொம்மைகள்தான் பாடாய்ப் படுத்தின. கட்டுக்கம்பியை முறுக்கி எலும்புக்கூடு, அதன்மேல் எம்-சீல். இரண்டு களிம்பையும் சேர்த்துப் பிசைந்தால் அரை மணி நேரம்தான் கைக்கு அடங்கும், அப்புறம் கல். விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, ஊக்கு முனையால் மூக்கும் வாயும் கீற வேண்டும். காளியின் முடிக்கு மட்டும் இரண்டு மாலை போனது. முதலில் செய்த முகத்தைப் பார்த்து, எதிர்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி இருக்கிறது என்றாள் பேத்தி. முடியைக் கொஞ்சம் நெற்றியில் தள்ளிவிட்டதும் சரி, ரஜினிதான் என்று ஒப்புக்கொண்டாள். காளியின் தங்கை வள்ளிக்கு என் மனைவியின் பழைய ரவிக்கைத் துணியில் பாவாடை.

நவராத்திரிக்கு முன்பு சரிவில் கடுகு விதைத்தோம். மூன்றாம் நாள் அழகான புல். ஏழாம் நாள் அது காளியின் இடுப்புக்கு வளர்ந்துவிட்டது. நகவெட்டியால் புல் வெட்டினேன். அதற்குத் தெளித்த தண்ணீரில் மலையின் ஒரு பக்கம் ஊறிச் சரிந்தது வேறு கதை. கூழ் காய்ந்ததும் வார்னிஷ் அடித்திருக்க வேண்டும். எட்டாம் நாள் டிராலி தடம் புரண்டு காளியின் கை ஒடிந்தது. படத்தில் லாரி ஏறிப் போகிற கை, கதைப்படி சரியாகத்தான் நடக்கிறது என்றாள் மனைவி.

எங்கள் குடியிருப்பில் கொலுப் போட்டி உண்டு. நடுவர்கள் ரசித்துப் பார்த்தார்கள், காளியைக் கையில் எடுத்தும் பார்த்தார்கள். ஆனால் சினிமா என்பதால் மதிப்பெண் போட முடியாது என்றார்கள். பரிசு போன வீட்டில் பேட்டரியில் ஓடும் ரெடிமேட் பிளாஸ்டிக் பார்க். எனக்குப் பரிசு பெரிதில்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் வலித்தது. கடையில் வாங்கியது மரபு, கையால் பிசைந்தது சீரழிவு என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. ‘நாயகன்’ படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி, மும்பைக் குடிசைப் பகுதியான தாராவியையே சென்னையில் கட்டினார், தேசிய விருது கொடுத்தோம். அதுவும் ஒரு பெரிய பார்க்தானே?

அந்த வாசகர் கோவைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரட்டும். விஞ்ச் இப்போது பீரோ மேல் இருக்கிறது, இறக்கிக் காட்டுகிறேன். கைப்பிடியை அவரே சுற்றலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பண்டிகை மலரை மட்டும் நீங்கள் வழவழப்புத் தாளில் அச்சிடுகிறீர்கள். ஒரு வாரம் ஊறினாலும் அது கரைவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
கோயம்புத்தூர்