செயலாளர் ஆண்டறிக்கை: கறுப்பு ஒயின் காய்ச்சிய ஆண்டு

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தில் தமிழ்க் குடும்பங்களும் இருப்பதால், பொதுக்கூட்டத்தில் பிரெஞ்சில் வாசித்த அறிக்கையைத் தமிழிலும் எழுதித் தருகிறேன். வரிக்கு வரி அதே அல்ல. அங்கே சொல்ல வாய் வராத ஒன்றிரண்டை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஆண்டின் தொடக்கமே சரியில்லை. 2024 ஏப்ரல் பிற்பகுதியில் இறங்கிய உறைபனி, தென்மேற்குப் பிரான்சில் நம் லொத் ஆற்றுப் பள்ளத்தாக்கின் திராட்சைத் துளிர்களைக் கருக்கிவிட்டது. நம் குத்தகைத் தோட்டமும் தப்பவில்லை. ஊர்ப் பெரியவர்கள் உடனே 1956 பிப்ரவரியைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பனியில் கொடிகளே செத்துப்போயின. அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வேரைத் தின்னும் ஃபில்லாக்சரா பூச்சி. இரண்டு முறை விழுந்து எழுந்துதான் 1971இல் இந்தப் பகுதியின் காஓர் ஒயின் ஏ.ஓ.சி. தகுதி, அதாவது ஊர்ப் பெயரோடு விற்க அரசு தரும் அங்கீகாரம், பெற்றது. குறைந்தது 70 விழுக்காடு மால்பெக் திராட்சை என்பது அதன் விதி. சரி, பனிக்குப் பிறகு மழை, மழையோடு அடிச்சாம்பல் நோய். மிஞ்சியதை அக்டோபரில் பறித்தோம்.

போன பொதுக்கூட்டத் தீர்மானப்படி, அதில் ஒரு பகுதியைப் பழைய 'கறுப்பு ஒயின்' முறையில் செய்து பார்த்தோம். 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் செய்முறை இருக்கிறது: பழத்தில் கொஞ்சத்தை அடுப்பில் வாட்டுவது, அல்லது சாற்றைக் கொப்பரையில் கொதிக்கவைத்துப் பிறகு புளிக்க விடுவது. சூட்டில் தோலின் சாயம் நன்றாக இறங்கும். நீர் வற்றினால் சர்க்கரை ஏறும். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சிய தாத்தாவின் பேரன் என்பதால் துடுப்பு என் கைக்கு வந்தது.

முதல் கொப்பரை அடிப்பிடித்தது. போன் பேசப் போனது நான்தான். குற்றம் வேறு யாருடையதும் அல்ல. இரண்டாவதில் நுரை முதலில் ரோஜா நிறத்தில் பொங்கியது, அப்புறம் கத்தரிப்பூ நிறம். கடைசியில் துடுப்பைத் தூக்கினால் மை போலச் சொட்டியது. ஆற்றித் தொட்டியில் ஊற்றி மூன்று நாளாகியும் ஒரு குமிழி இல்லை. பொருளாளர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பாலைக் காய்ச்சிட்டு உறை ஊத்தாம விட்டா தயிராகுமா?" என்றார். கொதியில் ஈஸ்ட் முழுக்கச் செத்திருக்கிறது. பக்கத்துத் தொட்டியில் புளித்துக்கொண்டிருந்த காய்ச்சாத சாற்றில் ஒரு வாளி ஊற்றினோம். மறுநாள் காலை தொட்டி பேச ஆரம்பித்தது.

பிப்ரவரியில் சுவைத்தோம். உலர்ந்த பிளம்ஸ், லேசாகக் கருப்பட்டி வாசம், பல்லில் கறை. ஒரு மடக்குக்குப் பிரமாதம், ஒரு டம்ளர் குடிப்பது கஷ்டம்.

தலைவரோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. சங்கத் துண்டறிக்கையில் 'நம் முன்னோர் அருந்திய ஒயின்' என்று போடலாம் என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காலக் கறுப்பு ஒயின் பெரும்பாலும் விற்பதற்காகக் காய்ச்சியது. லொத், கரோன் ஆறுகளின் வழியாகப் படகில் போர்தோ துறைமுகத்துக்குப் போய், அங்கத்து வெளிறிய ஒயினுக்கு நிறமேற்றக் கலக்கப்பட்டது. அதிலும், தங்கள் சரக்கு விற்றுத் தீரும்வரை ஆற்றின் மேல்பகுதி ஊர்களின் ஒயினை நிறுத்திவைக்கும் சலுகையைப் போர்தோக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தார்கள். காத்துக்கிடக்கவும் கெடாமல் இருக்கவும் வேண்டிய சரக்கு இது. துண்டறிக்கையில் அதையே எழுதலாமே. செயற்குழு முடிவு செய்யட்டும்.

புட்டிகளை விற்கப்போவதில்லை. விதிக்குள் வராத ஒயின் என்பதால் 'காஓர்' என்று எழுதி ஒட்டவும் முடியாது. கணக்கைப் பொருளாளர் அக்கா தனியாகத் தருவார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரைப் பார்த்தால் ஒளிய வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கொப்பரை இரவல் வாங்கியது, அடியில் என் கைவரிசை இன்னும் கறுப்பாக இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை கொட்டகைக்கு வருபவர்கள் கொஞ்சம் புளியும் கல்லுப்பும் எடுத்து வாருங்கள். தேய்த்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த அக்டோபரில் மறுபடி கேட்க முடியும்.

இப்படிக்கு,
செயலாளர்