லேப் தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் நேற்று வந்தது. புற்றுநோய்க் கட்டி மாத்திரையிலேயே பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்கிறார் டாக்டர். என்ன நடந்ததென்று உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி சொல்லத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி ஒரு லேப் டெக்னீஷியனுக்கு. பெயர் போடாதீங்க அக்கா என்று சொல்லிவிட்டார்.

முதல் பயாப்ஸியில் லியோமயோசார்கோமா, அதாவது ஒருவகைத் தசைப் புற்றுநோய், என்று வந்ததல்லவா, டாக்டர் அதில் சந்தேகப்பட்டதால் அந்தச் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கைக் கேட்டு லேபுக்குப் போயிருந்தேன். கவுண்டரில் ஏற்கெனவே வெட்டிய சீவலை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடை மட்டும் நீட்டினார்கள். உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த இந்தத் தம்பி, "எங்க கொண்டுபோறீங்க, என்ன டெஸ்டுக்கு?" என்று கேட்டார். சீட்டைக் காட்டினேன். உட்காரச் சொல்லிவிட்டுப் போனவர், சாப்பாட்டு நேரத்தில் பிளாக்கைத் தேடி எடுத்து ஐஸில் வைத்திருந்தார். "ஊசியில எடுத்த துணுக்கு, ரொம்பக் கொஞ்சம்தான். மைக்ரோடோம்ல, அதான் மெல்லிசா சீவுற மெஷின்ல, ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் பிளாக்கோட முகம் சரிபண்ணவே கொஞ்சம் சீவிப்போயிடும். சீஃப்கிட்ட கேட்டுட்டேன், தேவையானத இப்பவே ஒரே மூச்சுல வெட்டித் தர்றேன். மிச்சம் பிளாக்லயே இருக்கட்டும்."

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் மெழுகு நாடா மிதந்தது. கண்ணாடியை அடியில் கொடுத்து அலுங்காமல் ஏந்தினார். ஓரத்தில் நம்பரைப் பென்சிலால் எழுதினார்; பேனா மை சாயம் ஏற்றும்போது கரைந்துவிடுமாம். பிளாக்கைப் பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்து, "கார்ல வெயில்படுற இடத்துல வெச்சிடாதீங்க, பாரஃபின் இளகிடும்" என்றார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார்.

அந்த ஸ்லைடுகளில்தான் சிடி117, டாக்1 என்ற இரண்டு புரதங்களைக் காட்டும் சாயம் பழுப்பாக ஏறி, இது இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற வேறுவகைக் கட்டி என்று தெரிந்தது. முதல் ரிப்போர்ட் எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. வழக்கமான சாயத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியுமாம். 1998இல் ஜப்பானில் ஜிஸ்ட்டுக்குக் காரணமான, கிட் என்ற மரபணுவில் உள்ள கோளாறைக் கண்டுபிடிக்கும்வரை உலகம் முழுக்கப் பெரும்பாலும் தசைக்கட்டி என்றுதான் எழுதினார்கள். பிறகு மரபணுச் சோதனை கேட்டபோது, பிளாக்கில் தம்பி மிச்சம் வைத்த துணுக்கே போதுமானதாக இருந்தது. அம்மாவுக்கு இன்னொரு ஊசி இல்லை. கிட் மரபணுவில் எக்ஸான் 11 என்ற பகுதியில் மாற்றம் என்று வந்தது, தினம் 400 மில்லிகிராம் இமாடினிப் மாத்திரை ஆரம்பித்தார்கள். பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற இன்னொரு மரபணுவில் வரும் ஒரு வகை மாற்றத்துக்கு இந்த மாத்திரை கேட்காதாம், அதனால் சோதிக்காமல் கொடுக்க டாக்டருக்கு மனமில்லை.

ரத்தம் கொடுத்த காலேஜ் பிள்ளைகள், இரவில் துணைக்கிருந்த சித்தி, லீவு கேட்டபோது முகம் சுளிக்காத எங்கள் ஹெச்எம், சாப்பாடு அனுப்பிய மாடிவீட்டுக்காரர்கள், சந்தேகப்பட்டு பிளாக்கை வாங்கிவரச் சொன்ன அந்த டாக்டர், எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக வீட்டுக்கு வந்து சொல்வேன்.

முகம் தெரியாத சிலரும் உண்டு. இந்த மாத்திரையின் காப்புரிமையை எதிர்த்துச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுப் போட்டு, 2013 ஏப்ரல் 1இல் கம்பெனிக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை விடாமல் நின்றவர்கள். அன்று கம்பெனி மருந்தென்றால் மாதம் லட்சத்துக்கு மேல் ஆனது. அந்த விலையில் நாங்கள் வாங்கியிருக்கவே மாட்டோம். 2000இல் ஜிஸ்ட்டுக்கு முதன்முதலாக இதைச் சாப்பிட்டுப் பார்த்தவர் பின்லாந்தில் ஒரு பெண்மணி. அவர் பேரைச் சொல்லி, இல்லை, பேர் தெரியாது, அவருக்காக அம்மா வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு அதிகம் ஏற்றுகிறார்.

நம் ஊரில் யாருக்குப் பயாப்ஸி எடுத்தாலும் பிளாக் எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போய் வாங்கத் துணை வேண்டுமென்றால் எனக்குப் போன் பண்ணுங்கள். சனிக்கிழமை என்றால் கட்டாயம் வருகிறேன், மற்ற நாளில் பள்ளி விட்டதும்.