மேலூரிலிருந்து அப்பா

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். கிணற்று மோட்டார் விஷயம் பிறகு சொல்கிறேன்.

உன் ஒலி நாடகத்தை அக்கா போனில் போட்டுவிட்டாள். எல்லாப் பாகமும் கேட்டேன். அம்மா முதல் பாகத்திலேயே எழுந்து போய்விட்டாள், அடுப்பில் பால் இருந்ததாம்.

ரைடு போகிற சத்தம் அசல். ஆனால் ‘கபடி கபடி’க்கு நடுவில் உன் ஆள் மூச்சு இழுக்கிறான். பாட்டை விட்டால் அவுட், 30 வினாடியும் விடாமல் பாட வேண்டும். இதுகூடவா மறந்துபோச்சு? லீக்கில் ஆடுகிற பயில்வான், தான் விரும்புகிறவன் பெயரை டிரெஸ்ஸிங் ரூமில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் கிடப்பது எனக்குப் புரிந்தது. ‘வளையல் போட்டுக்கோடா’ என்று கோச் கத்துகிறானே, அது எந்த கிரவுண்டில் கேட்டது என்றும் புரிந்தது. ஊருக்குப் போட்டுக் காட்டுமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோச் பையன்களுக்கு அவித்த முட்டை வாங்கித் தந்ததாக எங்கும் வரவில்லையே!

பழைய ஹெட்மாஸ்டரிடம், மகன் நாடகம் எழுதுகிறான் என்று சொன்னேன். எதைப் பற்றி என்றார். கபடி என்றேன்.

கதையில் பெயர் வருகிறதே, ஜஸ்டின் ஃபஷானு, தேடிப் படித்தேன். 1981-இல் பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன கால்பந்துக்காரர். அந்த விலைக்குப் போன கறுப்பினத்தாரில் அவர்தான் முதல். தானும் ஆணை விரும்புகிறவன்தான் என்று 1990-இல் வெளியே சொன்னார். கூடப்பிறந்த தம்பியே கைவிட்டான். 1998-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். படித்த ராத்திரி உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. தனியாக இருக்காதே. 2022-இல் ஜேக் டேனியல்ஸ் என்று 17 வயதுப் பையன், பிளாக்பூல் அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்னானாம். அவனையும் சேர்த்திருக்கலாம், சாவை மட்டும் ஏன் வைத்தாய்?

இது குற்றமில்லை என்று 2018-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. அதனால் பார்த்துப் பேசு. வேளைக்குச் சாப்பிடு. போனை எடு. ரூமில் தனியாக இருக்காதே.

கதைதானே என்று அம்மா கேட்டாள். கதைதான் என்றேன்.

நரசிங்கம்பட்டி அத்தை கொண்டுவந்த ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அத்தை கூப்பிட்டால் நீயும் அதையே சொல். மாற்றிச் சொல்லி என்னை மாட்டிவிடாதே.

அப்பா