ஒயர் டிஸ்க் பிரேக்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி உள்பக்க பேடைப் பாருங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மலைப்பாதை சைக்கிள் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, போட்டோ எல்லாம் பிரமாதம். ஆனா ஒயர்ல வேலை செய்யிற டிஸ்க் பிரேக் வெச்ச வண்டிய மலைக்கே கொண்டு போகக்கூடாது, ஹைட்ராலிக் (ஒயருக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல வேலை செய்யிறது) இருந்தா மட்டும் போங்கன்னு ஒரே போடா போட்டுட்டாங்க. நான் கம்பத்துல சைக்கிள் ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். அத படிச்சிட்டு பசங்க அப்பாவ கையோட கூட்டிட்டு வந்து "அண்ணே இத கழட்டிட்டு ஹைட்ராலிக் போட்டுக் குடுங்க, எம்புட்டு ஆகும்"னு நிக்கிறாங்க. வியாபாரம்னு பாத்தா எனக்கு லாபந்தேன், ஆனா அந்தப் பிரேக் மேல பாதிப் பழி அநியாயப் பழி, அதனாலதான் எழுதுறேன்.

ஒயர் டிஸ்க்ல நடக்கிறது இம்புட்டுத்தான். டிஸ்க்குங்கிறது சக்கரத்தோட சேந்து சுத்துற தட்டு. லிவர இழுத்தா, டிஸ்க்க கவ்வுற கேலிபர்ங்கிற பெட்டில இருக்குற நெம்புகோல் கைய ஒயர் இழுக்கும், அந்தக் கை திரும்பும்போது உள்ள ஒரு பேட், அதான் பிரேக் கட்டை, முன்னால வந்து டிஸ்க்க அமுக்கும். கவனிங்க, ஒரு பேட்தான் வரும். நம்ம ஊர்ல விக்கிற முக்காவாசி வண்டில எதிர்ப்பக்கம் ஸ்போக்ஸ் கம்பி ஓரமா இருக்குற பேட் அசையவே அசையாது, வெளிப்பக்க பேட் டிஸ்க்க லேசா வளைச்சுக் கொண்டு போய் அந்த அசையாத பேட் மேல சாத்தும், அப்பத்தான் பிடி கிடைக்கும். அப்ப அந்த உள்பக்க பேட் டிஸ்க்கோட ஒட்டி ஒட்டாம நிக்கணும், விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி இருந்தாப் போதும். அது தள்ளி இருந்துச்சுன்னா நீங்க அமுக்குற பலம் பூராவும் டிஸ்க்க வளைக்கிறதுக்கே சரியாப் போயிரும், வண்டி எங்கிட்டு நிக்கும்?

சமீபத்துல கம்பமெட்டு ரோட்டுல இறங்கி வந்த ஒரு காலேஜ் பையன் வண்டி வந்துச்சு. லிவர் பிடிச்சா கைப்பிடி ரப்பர்ல போய் முட்டுது. கேலிபர்ல ஒயர் வந்து நுழையிற இடத்துல இருக்குற அந்த சின்ன திருகு, அதான் கையால சுத்துறது, முழுசா வெளிய வந்து விழுகுற மாதிரி நிக்கிது. பேட் தேயத் தேய பையன் அதையே சுத்தி ஒயர இறுக்கிக்கிட்டே வந்திருக்கான், பிரேக் பிடிக்காமயே அந்தக் கை பாதி தூரம் திரும்பி நிக்கிது, மிச்சம் திரும்புறதுக்கு இடமே இல்ல. உள்பக்கம் எட்டிப் பாத்தா அசையாத பேட் ஒரு காத தூரத்துல இருக்கு, வாங்குன நாள்லருந்து அத ஒருத்தரும் தொடல. ஒயர பழையபடி விட்டு, கேலிபர் போல்ட் ரெண்டையும் லூஸ் பண்ணி, ரெண்டு பேடையும் டிஸ்க்க கவ்வுற மாதிரி உள்ள திருகி, அப்படியே போல்ட்ட இறுக்கிட்டு, உரசாத அளவுக்கு மட்டும் திருப்பி விட்டேன். அப்புறம் ரெண்டு வெரல்ல பிடிச்சாலே பின்சக்கரம் இழுத்துக்கிட்டு நின்னுச்சு. புதுசா எந்த சாமானும் போடல. பேட் தேஞ்சா கேலிபர்ல இருக்குற பேட் திருகத்தான் திருகணும், ஒயர இல்ல. ஹைட்ராலிக்ல தேய்மானத்துக்குத் தக்கன பேட் தானா முன்னால வந்துக்கிரும், இதுல நாமதான் செய்யணும், அம்புட்டுத்தேன்.

இத விக்கிற கடைக்காரங்க சொல்றதே இல்ல. பெட்டிய பிரிச்சு ஹேண்டில மாட்டி, காத்தடிச்சு, "டூயல் டிஸ்க்"னு ஒட்டியிருக்குற ஸ்டிக்கரக் காட்டி அனுப்பி விட்டுர்றாங்க. புது பேட் புது டிஸ்க்குன்னா மொதல்ல ஒரு இருவது தடவையாவது வேகமா போய் நல்லா அமுக்கி மெதுவாக்கி விட்டாத்தான் ரெண்டும் செட்டாகி பிடி வரும், இதயும் யாரும் சொல்றதில்ல. பையன் நேரா குமுளி மலைக்கு ஏறிட்டு, இறங்கும்போது பிடிக்கலன்னு அழுகுறான். சங்கிலிக்கு ஆயில் ஸ்பிரே அடிச்சு அது டிஸ்க்குல தெறிச்சுப் போன வண்டியும் வருது, அந்த பேட் போனது போனதுதான், சோப்பு போட்டுக் கழுவினாலும் கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டுதான் கிடக்கும்.

ஒயர் மேல போட்டிருக்குற அவுட்டர் இன்னொரு பெரிய விசயம். சாதா அவுட்டர் லிவர அமுக்கும்போது சுருங்கும், அதான் பின்பிரேக் எப்பவும் பஞ்சு மாதிரி இருக்கு. சுருங்காத பிரேக் அவுட்டர்னு தனியா வருது, அத மாத்துனா வித்தியாசம் கையிலயே தெரியும். ஆனா சில பேரு யோசனைன்னு கியர் அவுட்டர எடுத்து பிரேக்குக்குப் போடுறாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. அது உள்ள கம்பி நெட்டுக்க ஓடும், பிரேக்கோட இழுவைக்கு வெடிச்சுப் பிரிஞ்சுரும், பிரிஞ்சா அந்த சக்கரத்துக்குப் பிரேக்கே இல்ல. அதே மாதிரி டிஸ்க் மாட்ட எடம் இல்லாத பழைய ஃபோர்க்குல (முன்சக்கரத்த பிடிச்சிருக்குற கவை) கிளாம்ப் வெச்சு கேலிபர் மாட்டித் தரச் சொல்லி வர்றவங்களையும் நான் திருப்பி அனுப்பிருவேன், அவங்க கோவிச்சுக்கிட்டுப் போனாலும் பரவால்ல.

ஹைட்ராலிக் ஒசத்தியான்னா ஒசத்திதான், அதுல சண்ட இல்ல. போடிமெட்டுலருந்து போடிக்கு 17 கொண்டை ஊசி வளைவு, சுமாரா 1000 மீட்டர் இறக்கம், அதுல ஒயர் பிரேக் பிடிச்சு இறங்குனா கை வலிக்கும், ஹைட்ராலிக்ல ஒரு வெரல் போதும். சேறு உள்ள போயி ஒயர் இறுகிப்போற தொல்லையும் அதுல இல்ல. வாரா வாரம் கல்லும் வேருமா கிடக்குற பாதையில வேகமா இறங்குறவங்க காசு இருந்தா அதயே வாங்கட்டும். ஆனா நம்ம பக்கம் அதுக்கு காத்தெடுத்து ஆயில் ஏத்துற டூல்ஸ் வெச்சிருக்குற ஆள் எத்தன பேரு? சிலதுக்கு மினரல் ஆயில், சிலதுக்கு டாட் ஆயில் (அதான் மோட்டார் பைக்குக்கு ஊத்துறது), ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல்தான். பைக் மெக்கானிக் பைக்குக்கு ஊத்துற பிரேக் ஆயில மினரல் பிரேக்குல ஊத்திவிட்டாருன்னா உள்ள இருக்குற ரப்பர் சீல் ஊதி எல்லாம் நாசம். பஸ் டிக்கில சக்கரத்தக் கழட்டி வெச்சு, வழில லிவர் அமுங்கிருச்சுன்னா பேட் ரெண்டும் ஒட்டிக்கிட்டு டிஸ்க் நுழையாது. ஒயர் பிரேக்குல ஒயர் அறுந்தா கேரளா பக்கம் சாந்தாம்பாறையோ நெடுங்கண்டமோ, ஏதாச்சும் ஒரு சைக்கிள் கடையில கேட்டா ஒயர் கிடைக்கும், ஒரு ஆலன் கீ இருந்தா ரோட்டோரமே மாட்டிட்டு வந்துரலாம். அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்து ரோட்டுல ஆத்திர அவசரத்துக்கு இதான் கை குடுக்கும்.

ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, அத உங்க கட்டுரை தொடவே இல்ல. ஏவிட் பிபி7 மாதிரி ரெண்டு பேடையும் கையாலயே திருகிக்கிற கேலிபர், டிஆர்பி ஸ்பைக் மாதிரி ரெண்டு பேடும் சேந்து அசையிற கேலிபர், ரெண்டும் ஒயர்தான். இல்லாட்டி ஃபோர்க் தாங்கும்னா முன்னாடி 160 மில்லிமீட்டர் டிஸ்க்க எடுத்துட்டு 180 போடுங்க, அதே கை பலத்துக்கு எட்டுல ஒரு பங்கு பிடி கூடும், சூடும் சீக்கிரம் ஆறும்.

இறங்குறதுலயும் இருக்கு. தோட்டத்து ஜீப்புக்காரரு செகண்ட் கியர்ல போட்டு இஞ்சின் பிடில இறக்குவாரு, சைக்கிளுக்கு அந்த வசதி கிடையாது, அதுக்காக பின்பிரேக்க மேலருந்து கீழ வரைக்கும் அமுக்கிக்கிட்டே வந்தா பேட் பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயி பிடி போயிரும். வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கும் நல்லா பிடிச்சு வேகத்தக் குறைச்சுட்டு விட்டுரணும், டிஸ்க் ஆறட்டும். சூடா இருக்குறப்ப தண்ணி ஊத்துனா டிஸ்க் பெண்டாகும். ஐப்பசி மழையில சேத்துல ஓட்டுனா ரெசின் பேட் (பிசின் கலந்து செஞ்சது) கரைஞ்சே போகும், மெட்டல் பேட் போடலாம், ஆனா டிஸ்க் மேல ரெசின் பேட் மட்டும்னு அடிச்சிருந்தா போடக்கூடாது. பேட்ல தேயிற பாகம் அரை மில்லிமீட்டருக்கு வந்துட்டா யோசிக்காம மாத்திருங்க.

அதனால அய்யா, ஒயர் பிரேக்னா மலைக்கு ஆகாதுன்னு எழுதுனதுக்கு ஒரு திருத்தம் போடணும். ஸ்கூல் லீவு வருது, வண்டி வாங்குறவங்க நெறைய. அரைப் பக்கம் ஒதுக்குனீங்கன்னா கேலிபர நானே போட்டோ எடுத்து, எந்தத் திருகு எங்க இருக்குன்னு அம்புக்குறி போட்டு அனுப்பி வெக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரர்,
கம்பம், தேனி மாவட்டம்.