புரூமேர் 18 எந்த நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து வருகிறேன். அவர்கள் கையில் புழங்கும் வழிகாட்டி நூல் ஒன்று, நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றிய நாளான, பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியின் எட்டாம் ஆண்டு புரூமேர் மாதம் 18-ஐ 1799 நவம்பர் 8 என அச்சிட்டிருக்கிறது. சரியான தேதி நவம்பர் 9.

1792 செப்டம்பர் 22-ஐத் தொடக்கமாகக் கொண்ட பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியில் மாதத்துக்கு முப்பது நாள் என்பது மாறாது. ஆனால் பாரிஸில் இலையுதிர்காலச் சம இரவு நாள் எந்தத் தேதியில் வருகிறதோ அதுவே புத்தாண்டு என்பதால், நம் தை முதல் நாள் ஜனவரி 14, 15 என மாறி வருவதைப் போல, அதுவும் செப்டம்பர் 22-க்கும் 24-க்கும் இடையே நகர்ந்தது. எட்டாம் ஆண்டு பிறந்தது 23-இல். அதனுடன் முதல் மாதத்தின் முப்பது நாளையும் அடுத்த மாதமான புரூமேரின் பதினேழு நாளையும் கூட்டினால் நவம்பர் 9 கிடைக்கும். எல்லா ஆண்டுக்கும் 22 என்றே வைத்துக்கொண்டால் இங்கே ஒரு நாளும், 1803-இல் பிறந்த பன்னிரண்டாம் ஆண்டில் இரண்டு நாளும் பிசகும். புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் வீழ்ந்த இரண்டாம் ஆண்டு தெர்மிடோர் மாதம் 9, அதாவது 1794 ஜூலை 27, அந்நூலில் சரியாக அமைந்ததற்கு அவ்வாண்டு 22-இல் பிறந்ததே காரணம்.

ஒரு நாள்தானே என்று விட்டுவிட முடியாது; ஒரு மதிப்பெண்ணில் வேலையை இழக்கும் பிள்ளைகள் இவர்கள். 1805 டிசம்பர் 31-உடன் கைவிடப்பட்ட அந்த நாட்காட்டிக்குப் பதினான்கு புத்தாண்டுத் தேதிகளே உள்ளன. பதிப்பகத்தார் அடுத்த அச்சில் அவற்றை அட்டவணையாகச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை