மார்கோத்தின் ‘ஓடியம்’: கவனிக்காமல் விட்ட ஆல்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் டெத் மெட்டல் பற்றி, அதாவது உறுமும் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட மெட்டல் இசை வகை பற்றி, வந்த கட்டுரை அதன் முக்கிய மையங்களான ஃபுளோரிடாவையும் ஸ்டாக்ஹோமையும் விரிவாக அலசியது. ஜெர்மனி என்று வந்தபோது மட்டும் கிரியேட்டர், சோடம், டிஸ்ட்ரக்‌ஷன் என மூன்று பெயர்களோடு முடித்துக்கொண்டது. மூன்றுமே த்ராஷ் என்ற, டெத் மெட்டலுக்கு முந்தைய வேகமான மெட்டல் வகையைச் சேர்ந்த குழுக்கள். ஜெர்மன் டெத் மெட்டல் என்று பேச்செடுத்தால் முதலில் வர வேண்டிய பெயர் மார்கோத். அந்தக் குழுவின் ஆல்பங்களில் ரசிகர்களே தாண்டிப் போகிற ஒன்று உண்டு: 1993-இல் வந்த ‘ஓடியம்’.

சௌவர்லாந்து மலைப்பகுதியில் உள்ள மெஷெடே என்ற சிறிய ஊர்தான் குழுவின் பிறப்பிடம். 1989, 1990 ஆண்டுகளில் செஞ்சுரி மீடியா என்ற இசை நிறுவனம் வழியாக இரண்டு சிறு வெளியீடுகள். 1991-இல் முதல் முழு ஆல்பம் ‘கர்ஸ்ட்’. ஃபுளோரிடா பாணியைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று அதற்கு நல்ல பெயர். 1996-இல் வந்த ஆல்பத்தில் டெத் மெட்டலையே ஏறக்குறைய கைவிட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் ‘ஓடியம்’ செய்த குற்றம். முன்னதை நேசிப்பவர்கள் இதைச் சரிவின் தொடக்கம் என்கிறார்கள். பின்னதைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இதில் அதன் முன்னோட்டத்தைத் தேடுகிறார்கள். இதை இதுவாகவே கேட்டவர்கள் குறைவு. வந்த ஆண்டும் சரியில்லை. டெத், கார்காஸ், மார்பிட் ஏஞ்சல், என்டூம்ப்ட், சினிக் ஆகிய ஐந்து குழுக்களும் தங்கள் முக்கியமான ஆல்பங்களை அதே 1993-இல்தான் வெளியிட்டன. அந்த நெரிசலில் மெஷெடேகாரர்களைத் திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம்?

வேகத்தை எதிர்பார்த்து வருகிறவர் இங்கே ஏமாந்துபோவார். பிளாஸ்ட் பீட், அதாவது இடைவிடாத அதிவேக டிரம் அடி, இந்த ஆல்பத்தின் அடித்தளம் அல்ல. நடுத்தர வேகத்தில், ஆலை இயந்திரம் போல ஒரே சீராக இடிக்கும் ரிஃப்களே (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள்) இதன் பலம். இயந்திர ஓசைகளைக் கொண்டு அமையும் இன்டஸ்ட்ரியல் இசையின் சாயல் என்று விமர்சகர்கள் சொல்வது இதைத்தான். எலெக்ட்ரானிக் ஒலிகள் அங்கங்கே வந்தாலும், அந்தச் சாயலின் பெரும்பகுதி கையிலிருந்தே பிறக்கிறது.

எப்படி என்றால், பாம் மியூட், அதாவது தந்தியின் அதிர்வைக் கையால் அடக்கி வாசிக்கும் முறையில், வலக்கை உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜை (கிட்டாரின் உடல்மேல் தந்திகளைத் தாங்கும் பகுதி) ஒட்டித் தந்திகளின் மேல் லேசாகப் படிய வேண்டும். கை அரை அங்குலம் உள்ளே நகர்ந்தாலும் சுருதி செத்து வெறும் ‘டொக்’ மட்டும் மிஞ்சும். அழுத்தம் போதாவிட்டால் தந்தி அதிர்ந்துகொண்டே இருந்து இடைவெளியை நிரப்பிவிடும். டிஸ்டார்ஷனை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) கூட்டினால் கனம் கூடும் என்பது புதிதாக வாசிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. அளவு மீறினால் ஒவ்வொரு அடியின் முனையும் மழுங்கி, ரிஃப் கூழாகிவிடும். கிட்டாரின் அடியும் காலால் மிதித்து வாசிக்கும் கிக் டிரம்மின் அடியும் ஒன்றாக விழ வேண்டும். முப்பதில் ஒரு பங்கு நொடி விலகினால் போதும், காதுக்கு அது இரண்டு அடி. நடுத்தர வேகத்தில் இந்தப் பிசகை மறைக்க முடியாது, வேகமான பாட்டில் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ‘சப்மிஷன்’ பாடலைப் போட்டு, அடிகளை விட்டுவிட்டு அடிகளுக்கு நடுவே உள்ள கார்வைகளை மட்டும் கேளுங்கள். டிரம்மர் ரூடிகர் ஹென்னெக்கே எவ்வளவு கட்டுப்பாடாக வாசிக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

பாடகர் மார்க் கிரேவேயின் குரல், வயிற்றிலிருந்து உருண்டு வரும் உறுமல் இல்லை. தொண்டையின் மேல்பகுதியில் கிழிபடுகிற குரல் அது. சொற்கள் பெரும்பாலும் பிடிபடும். ஓடியம் என்றால் லத்தீனில் வெறுப்பு. எட்டுப் பாடல்களின் தலைப்புகளையும் வரிசையாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது: இரண்டாவது ‘மூழ்கும் கலை’, நான்காவது ‘மேற்பரப்புக்கு அடியில்’, ஐந்தாவது ‘மூழ்கும் சூரியன்’ என்று பொருள்படும் தலைப்புகள். பிணங்களையும் ரத்தத்தையும் பாடிய கூட்டத்துக்கு நடுவே, மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்குகிற பிம்பம்.

இதையெல்லாம் கேட்கவிடாமல் தடுப்பது பெரும்பாலும் கேட்கும் முறைதான். கிட்டாரின் கடைசித் தந்தி வழக்கமான சுருதியிலேயே 82 ஹெர்ட்ஸ். ஒரு முழுச் சுரம் இறக்கினால் 73. கைப்பேசி ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்குப் போகவே போகாது. மேல்சுரங்களை வைத்துக் காது சுருதியை ஊகித்துக்கொள்ளும், ஆனால் உடம்பில் இறங்கும் கனம் வராது. மிகக் குறைந்த ஒலியில் வைத்தாலும் இதே கதை: அந்த நிலையில் நம் காது அடிச்சுரங்களை அவ்வளவாக வாங்குவதில்லை, எனவே இரைச்சல் மட்டும் மிஞ்சும். அதற்காக பேஸ் பூஸ்ட்டைப் போடவும் வேண்டாம். கிக் டிரம்மின் ‘டக்’ என்ற முனை 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது. கீழே உப்பவைத்தால் அது மூழ்கிப்போகும். ஈக்வலைசரை அப்படியே நேர்கோட்டில் விட்டுவிட்டு, ஒலியை மட்டும் ஓரளவு கூட்டினால் போதும். ஒற்றைக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்பதும் உதவாது: இந்த வகை இசையில் இரண்டு ரிதம் கிட்டார்களை இடமும் வலமுமாகப் பிரித்து வைப்பதே வழக்கம்.

ஆல்பத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஒரே காலப்பிரமாணத்தில் பாடல்கள் அடுத்தடுத்து வருவதால் முதல் தடவை கேட்கும்போது எது எந்தப் பாடல் என்று குழம்பும். அதனால் முதல் நாளே எட்டையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. ‘அண்டர் த சர்ஃபேஸ்’, பிறகு ‘சப்மிஷன்’, இந்த இரண்டையும் நான்கைந்து முறை கேட்டுவிட்டு, அடுத்த நாள் முதல் பாடலான ‘ரெசிஸ்டன்ஸ்’ தொடங்கி வரிசை மாறாமல் போகலாம். ஷஃபிளில் மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
மெட்டல் இசை வாசகர்கள் சிலர்