அம்மாவின் ஏப்ரனில் இருந்த பூக்கள்

அன்புள்ள வோஸ்தானிக் அதோயன்,

ஓவியர் ஆர்ஷைல் கார்க்கி என்று கூப்பிட்டால்தான் உலகத்துக்கு உங்களைத் தெரியும். நீங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. ஆனாலும் இந்தக் கடிதத்தைப் பெற்றவர்கள் வைத்த பெயருக்கே எழுத ஆசைப்படுகிறேன்.

என் முன்னால் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று 1912-ல், அன்றைய ஒட்டோமான் துருக்கியில் ஆர்மீனியர்கள் வாழ்ந்த வான் என்ற நகரத்தில் எடுத்த புகைப்படம். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன அப்பாவுக்கு அனுப்ப எடுத்தது. அம்மா ஷூஷான் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சின்னப் பையனாக நீங்கள், கையில் பூக்களோடு. அம்மாவின் ஏப்ரன் நிறையப் பூக்கள். இன்னொன்று, அதைப் பார்த்து நீங்கள் வரைந்த ‘ஓவியனும் அவன் தாயும்’, நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இருப்பது. இதில் ஏப்ரனில் ஒரு பூகூட இல்லை. அம்மாவின் கைகளில் விரல்களும் இல்லை. துணி சுற்றிக் கட்டியது போல வெளுத்த உருண்டைகள்.

முடிக்காமல் விட்ட படம் என்று சிலர் சொல்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. 1926 வாக்கில் தொடங்கிப் பத்து வருஷம் இதோடு கிடந்திருக்கிறீர்கள். பூசி, காயவிட்டு, பிளேடால் சுரண்டி, மறுபடி பூசி. இதே காட்சியை நீங்கள் வரைந்த இன்னொரு படம் வாஷிங்டனில் இருக்கிறது, அதிலும் கைகள் அப்படித்தான். துருக்கியில் ஆர்மீனியர்கள் மீது நடந்த இனப்படுகொலைக்குத் தப்பி ஓடி வந்த ஆர்மீனியாவின் யெரெவான் நகரத்தில், 1919-ல் அம்மா பட்டினியால் செத்துப்போனபோது நீங்கள் பதின்வயதுப் பையன். அந்தக் கைகளை எப்படி வரைவீர்கள்?

அடுத்த வருஷம் தங்கையோடு அமெரிக்கா. அப்புறம் புதுப் பெயர், புதுக் கதை: ரஷ்யர், எழுத்தாளர் மாக்சிம் கார்க்கிக்குச் சொந்தம். இதற்காக உங்களைப் பொய்யர் என்று எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. ‘பட்டினி கிடக்கும் ஆர்மீனியர்கள்’ என்பது அன்றைய அமெரிக்காவில் எல்லார் வாயிலும் புழங்கிய சொல். பட்டினிக்கு அம்மாவைப் பறிகொடுத்தவர் அந்த அடையாளத்தோடு எப்படி நடமாடுவார்?

பிரெஞ்சு ஓவியர் செஸானைக் காப்பியடித்தார், பிக்காசோவைக் காப்பியடித்தார் என்றும் சொன்னார்கள். சரி, அவர்களைப் பார்த்துத்தான் வரைந்தீர்கள். அதை மறைக்கவே இல்லையே. குருவின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்பது போல வருஷக்கணக்கில் கேட்டீர்கள்.

1943 கோடையில் வர்ஜீனியாவில் மாமனார் வீட்டுப் பண்ணையில், புல்வெளியில் உட்கார்ந்து புல்லுக்குள் பார்த்து வரைய ஆரம்பித்தீர்கள். அதற்குப் பிறகு வந்த படங்களில் டர்பன்டைன் எண்ணெய் கலந்து தண்ணீராகிப்போன வண்ணம் தன்பாட்டுக்கு வழிகிறது. கோடு ஒரு பக்கம் போகிறது, வண்ணம் ஒரு பக்கம் போகிறது. அந்த விடுதலையிலிருந்து நியூயார்க்கின் அரூப ஓவியர்கள் எவ்வளவோ எடுத்துக்கொண்டார்கள்.

ஹாலந்திலிருந்து கப்பலில் ஒளிந்து வந்த ஓவியர் டி கூனிங், 1949-ல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், தான் நியூயார்க்கின் 36, யூனியன் சதுக்கத்திலிருந்து வந்தவன் என்று சொன்னார். அது உங்கள் ஸ்டூடியோ முகவரி! சொந்த ஊரின் பெயரையே வெளியே சொல்லாத உங்களுடைய அறையை, இன்னொரு குடியேறி தன் ஊர் என்கிறார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதைக் கேட்க நீங்கள்தான் இல்லை.

ஸ்டூடியோவில் பிடித்த தீ, புற்றுநோய், கார் விபத்து, 1948 ஜூலையில் உங்கள் மரணம். அதைப் பற்றியெல்லாம் எழுத மனம் வரவில்லை.

1944-ல் நீங்கள் வரைந்த ஒரு படம் சியாட்டில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘என் அம்மாவின் பூவேலை ஏப்ரன் என் வாழ்வில் விரியும் விதம்’ என்று தலைப்பு. அம்மாவின் முகம் இல்லை, பையன் இல்லை, வழிந்தோடும் வண்ணம்தான். புகைப்படம் எடுத்து 32 வருஷம் ஆகியிருந்தது. பக்கத்தில் அந்தப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு, எந்தத் திட்டு எந்தப் பூ என்று பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகை